உபயமாக வந்த பனி வண்டி

தம்பிமார், வெளியூரில் ஒரு காணிக்குப் பனி அள்ளும் வேலை எடுத்திருக்கிறோம், என்ன மெஷின் வாங்கலாம் என்று கேட்டீர்கள். போனில் கேட்டால் இரண்டு சொல்லில் முடித்துவிடுவேன் என்று உங்களுக்குத் தெரியும். அதனால்தான் எழுதித் தரச் சொன்னீர்கள். நான் அதிகம் படித்தவன் இல்லை. பிழை இருந்தால் நீங்களே திருத்துங்கள்.

மெஷின் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அதை முதலில் முடிக்கிறேன்.

நகரத்துப் பனி வேறு. டோர்வலில் விமான நிலையத்தைச் சுற்றி வாகனத் தரிப்பிடங்கள் செய்தேன். லவாலில் கடைத்தொகுதிகள் செய்தேன். அங்கே பனியை ஒரு மூலையில் குவித்தால் லொறி வந்து அள்ளிக்கொண்டு போகும். ஒரு மெஷின் நின்றால் இன்னொன்று வரும். வெளியூரில் தள்ளிய பனி வசந்தம் வரை உங்களோடேயே இருக்கும். மேலே இருந்து விழுவது பாதி. பக்கத்து வயலில் இருந்து காற்று கொண்டுவருவது மற்றப் பாதி.

பிக்கப்பின் முன்னால் பிளேட், அதாவது பனி தள்ளும் தகடு, பூட்டித் தள்ளினால் இரண்டு பக்கமும் பனிக்கரை எழும்பும். கரை எழும்பினால் காற்று கொண்டுவரும் பனி அதற்குள்தான் விழும். தை முடியுமுன் பாதை ஒரு வாய்க்கால் ஆகிவிடும். ட்ராக்டரில் பூட்டும் ப்ளோவர் மெதுவானது. ஆனால் பனியைத் தூக்கி வயலுக்குள் எறிந்துவிடும். கரை எழும்பாது. திறந்த வயல் என்றால் ப்ளோவர். சுற்றிவர மரம் என்றால் பிளேட் போதும். மிச்சத்தை விற்கிறவன் சொல்லுவான்.

விற்கிறவன் சொல்லாத ஒன்று இருக்கிறது. அதற்குத்தான் இவ்வளவு கடதாசி.

லவாலுக்கு வடக்கே, பெருந்தெருவை விட்டு இறங்கிக் கொஞ்சத் தூரத்தில், எங்கள் சனம் ஒரு பழைய பண்ணையை வாங்கிக் கோயில் ஆக்கினார்கள். மாட்டுக்கொட்டில் மண்டபம் ஆனது. கோயிலின் பெயர் வேண்டாம். ஆட்களின் பெயரும் வேண்டாம். தெருவில் இருந்து கோயிலுக்கு ஒரு நீளமான கிரவல் ஒழுங்கை. இரண்டு பக்கமும் வெறும் வயல். ஒழுங்கை முடிகிற இடத்தில் பண்ணைக்காரரின் பழைய வீடு. அதில் ஐயரும் அவர் மனைவியும் இருந்தார்கள். பிள்ளைகள் இல்லை.

அந்த அம்மாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. செவ்வாய், வியாழன், சனி ஆஸ்பத்திரிக்குப் போய் மெஷினில் இரத்தத்தைச் சுத்தம் செய்யவேண்டும். அதற்கென்று ஒரு வான் வரும். தூரம் நடக்க முடியாதவர் என்பதால் வீட்டு வாசல் வரை வரவேண்டும். மழையோ பனியோ, கிழமைக்கு மூன்று நாள் அந்த ஒழுங்கை திறந்திருக்கவேண்டும். ஒழுங்கையின் வேலை அவ்வளவுதான். கோயில் சனம் வருவது ஞாயிறில்.

இலை உதிர்காலத்தில் கோயில் சபைத் தலைவர் என்னைக் கூப்பிட்டார். அப்போது நான் வேலையை விடும் வயதுக்கு வந்துவிட்டேன். கோயில் வேலை என்பதால் மறுக்கவில்லை.

"அண்ணை, இந்த முறை ஸ்னோவுக்கு என்ன செய்வம்?"

"முன்வீட்டுக்காரரை விடாதேங்கோ," என்றேன். "பழைய சொந்தக்காரர் காலத்திலை இருந்து அவர்தான் அள்ளுறார். ட்ராக்டரும் ப்ளோவரும் வைச்சிருக்கிறார். தெருவைக் கடந்தால் வீடு."

"எங்கட கோயிலுக்கு எங்கட ஆக்கள் அள்ள ஏலாதோ?"

"ஏலும். அப்ப நாங்களும் அப்பிடி ஒரு ட்ராக்டர் எடுக்கவேணும். பழசு காணும். ஆனா அவரையும் வைச்சிருக்கவேணும். எங்கட மெஷின் நிண்டால் ஆர் வாறது?"

தலைவர் தலையாட்டினார். நல்லாத்தான் ஆட்டினார்.

அடுத்த ஞாயிறு ஒரு உபயகாரர் வந்தார். லவாலில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். ஊரில் அவருடைய தாய் இறந்தபோது அவரால் போக முடியவில்லை. தாயின் பெயரில் கோயிலுக்குப் பெரிதாக ஏதாவது செய்யவேண்டும் என்று இருந்தார். மணி இன்னொருவர் பெயரில். வெள்ளி வாகனம் இன்னொருவர் பெயரில். மண்டபத்துத் தூண்கள்கூட முடிந்துவிட்டன. கடைசியில் மிச்சம் இருந்தது பனி.

அவர் புத்தம்புது பிக்கப் ஒன்றும் அதற்குப் பிளேட்டும் செய்து தருவதாகச் சொன்னார். மண்டபத்தில் எல்லாரும் கை தட்டினார்கள். பிறகு என்னிடம் வந்தார். கெட்ட மனிதர் இல்லை. கண் கலங்கியிருந்தது.

"அண்ணை, பிக்கப் நல்லதுதானே? கோடையிலும் ஓடலாம். ஜான்-டலோன் சந்தையிலை அன்னதானத்துக்கு மரக்கறி ஏத்தலாம். ஒரு வண்டி, எத்தினை வேலை!"

"அதுதான் யோசினை."

"எது?"

"எத்தினை வேலை எண்டுறது."

அவர் சிரித்தார். "அண்ணை வாயைத் திறக்கிறதே அருமை. திறந்தாலும் பாவக்காய்தான்."

"ப்ளோவரோட ஒரு பழைய ட்ராக்டர் எண்டால் இந்த இடத்துக்கு நல்லம்," என்றேன்.

பக்கத்தில் நின்ற சபைக்காரர் ஒருவர் விடவில்லை. "பழைய ட்ராக்டரிலை தாயின்ர பேரை எங்கை எழுதுறது அண்ணை? சில்லிலையோ?"

எல்லாரும் சிரித்தார்கள். உபயகாரரும் சிரித்தார். அத்துடன் பேச்சு முடிந்தது.

உபயத்தை வேண்டாம் என்று சொல்லும் சபையை நான் கண்டதில்லை. சொன்னால் அந்த மனிதரின் தாயை வேண்டாம் என்று சொன்ன மாதிரி. இதை நீங்களும் பார்ப்பீர்கள். கோயில் என்று இல்லை, எங்கே வேலை செய்தாலும் பார்ப்பீர்கள். பெரிய மெஷின் தர ஆள் வரும். ப்ளோவரில் கல் சிக்கினால் தான் உடைந்து கியரைக் காப்பாற்றும் சின்ன ஆணி ஒன்று உண்டு. அதை வாங்கித் தர ஒருவரும் வரமாட்டார்கள். அதில் பெயர் எழுத இடம் இல்லை.

வண்டி வந்தது. இரண்டு கதவிலும் தங்க எழுத்தில் அந்தத் தாயின் பெயர். நான்கு சில்லுக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பிளேட்டுக்கு மாலை போட்டார்கள். ஐயர் பிளேட்டின் விளிம்பிலேயே தேங்காய் உடைத்தார். அம்மா வீட்டு யன்னலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். தலைவர் என்னைத் தனியே கூப்பிட்டு, முன்வீட்டுக்காரரிடம் இனி வரவேண்டாம் என்று சொல்லிவிடச் சொன்னார்.

"நீங்கள் சொல்லுங்கோ," என்றேன்.

"எனக்குப் பிரெஞ்சு ஓடாது அண்ணை. நீங்கள்தானே அவங்களோட வேலை செய்த ஆள்."

"ஒரு வருசம் பொறுத்துச் சொல்லலாம்."

"சபை முடிவு அண்ணை."

தெருவைக் கடந்து போனேன். அந்த மனிதர் என் வயது இருப்பார். மெல்லிய ஆள். விறகு பிளந்துகொண்டிருந்தார். நான் "பொன்ஜூர்" சொல்லிவிட்டு விஷயத்தைச் சொன்னேன். புது வண்டி வந்திருக்கிறது, சபை முடிவு, மெர்சி, நன்றி. அவர் கோடாலியைக் கட்டையில் குத்தி வைத்துவிட்டு ஒழுங்கையைப் பார்த்தார். பனியில் பாதையின் ஓரம் தெரிவதற்காக இரண்டு பக்கமும் அடையாளக் கம்புகள் நடுவார்கள். அந்த வருடத்துக் கம்புகளை அவர் ஏற்கெனவே நட்டிருந்தார்.

"சரி," என்றார். கோடாலியைத் திரும்ப எடுத்தார்.

அடுத்த நாள் நான் போனபோது அவர் கம்புகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தார். பிடுங்கிய குழியைக் காலால் மிதித்து மூடிவிட்டு அடுத்ததுக்குப் போனார். ஐயர் வெளியே வந்து என்னிடம் கேட்டார்.

"என்ன அண்ணை, உவர் கம்பைப் பிடுங்குறார்?"

"அவற்ற கம்பு ஐயா."

வண்டியை ஓட்டித் தள்ளியது நான்தான். மார்கழி பரவாயில்லை. பனி குறைவு. சனம் வண்டியோடு நின்று படம் எடுத்தார்கள். வாட்சப்பில் போட்டார்கள். தை பிறந்தபின் காற்று வந்தது. ஒவ்வொரு முறை தள்ளும்போதும் கரை எழும்பியது. முதலில் முழங்கால், பிறகு இடுப்பு, பிறகு வண்டிக் கதவின் பெயர் மறையும் உயரம். ஒழுங்கை ஒடுங்கியது. நான் தள்ளிவிட்டுத் திரும்பிப் பார்ப்பதற்குள் பின்னால் பாதி மூடியிருக்கும். தலைவருக்குச் சொன்னேன். "சமாளியுங்கோ அண்ணை" என்றார். சமாளித்தேன்.

தைப்பூசத்தை ஒட்டித் திருவிழா. அது வெள்ளியில் தொடங்கியது. அதற்கு முதல்நாள், வியாழன், வான் ஒழுங்கை வாயில் வந்து நின்றது. ஓட்டுநர் இறங்கிப் பார்த்தார். உள்ளே போனால் திருப்ப இடமில்லை, பின்னால் எடுக்கவும் முடியாது, போகமாட்டேன் என்றார். ஐயர் வேட்டியோடு ஓடிவந்து கெஞ்சினார். ஓட்டுநர் பாவம், அவருக்கும் விதி இருக்கிறது. வான் திரும்பிப் போய்விட்டது. பிக்கப் அன்று மரக்கறி ஏற்றச் சந்தைக்குப் போயிருந்தது. அது திரும்பியதும் நான் வாங்கிப் பிளேட்டைப் பூட்டித் தள்ளி முடிக்கும்போது ஆஸ்பத்திரியில் அம்மாவின் நேரம் போய்விட்டது. வேறு இடம் இல்லை என்றார்கள். சனி தவறாமல் கொண்டுவாருங்கள் என்றார்கள். செவ்வாயில் இருந்து சனி வரை. அந்த உடம்புக்கு அது நீளம்.

வெள்ளி காலை ஐயர் காப்புக் கட்டினார். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திருவிழா தொடங்கும்போது பூசை செய்யும் ஐயரின் கையில் மஞ்சள் கயிறு கட்டுவார்கள். கட்டினால் திருவிழா முடியும்வரை கோயில் எல்லையைத் தாண்டக்கூடாது. தாண்டினால் திருவிழா கெட்டது என்பார்கள்.

நான் கரையைக் கொஞ்சம் அகட்டிக்கொண்டிருந்தேன். தலைவர் போன் எடுத்தார்.

"அண்ணை, பிளேட்டைக் கழட்டி வையுங்கோ. வண்டி டோர்வலுக்குப் போகவேணும். நாதஸ்வர வித்துவான் வந்து இறங்குறார். தவில், பெட்டி, மாலை எல்லாம் இருக்கு. காரிலை கொள்ளாது."

"நாளைக்குப் பெருங்காத்து எண்டு சொல்லுறாங்கள்."

"பின்னேரமே வண்டி திரும்பிடும்."

"திரும்பாட்டி? நாளைக்கு அம்மாவுக்கு ஆஸ்பத்திரி. வியாழனும் போகேல்லை."

"அண்ணை, வித்துவான் ஊரிலை இருந்து வாறார். அவரை டாக்சியிலையோ கூட்டிவாறது?"

"ஓம். டாக்சியிலை கூட்டிவாங்கோ. இரண்டு டாக்சி பிடியுங்கோ. நான் கழட்டமாட்டன்."

நான் கழட்டவில்லை. தொண்டர்கள் இரண்டு பேர் வந்து கழட்டினார்கள். பிளேட்டை முற்றத்தில் வைத்துவிட்டு வண்டியைக் கொண்டு போனார்கள். நான் ஐயரின் வீட்டுக்குள் போனேன். அம்மா கதிரையில் இருந்தார். கால் இரண்டும் வீங்கியிருந்தன.

"அம்மா, இண்டைக்கே என்னோட வாங்கோ. லவாலிலை என்ர வீட்டிலை படுங்கோ. மனிசி இருக்கிறா. விடிய நான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறன்."

அவர் ஐயரைப் பார்த்தார். ஐயர் கையில் கட்டிய கயிற்றைப் பார்த்தார்.

"இவர் காப்புக் கட்டியிட்டார் அண்ணை. நான் போனால் நைவேத்தியம் ஆர் சமைக்கிறது? இவருக்கு அடுப்புப் பத்தவைக்கவும் தெரியாது."

"சபைக்காரர் சமைக்கட்டும்."

"சபைக்காரரோ?" அம்மா சிரித்தார். சிரிக்க மூச்சு வாங்கியது. "அவையின்ர சமையலைச் சுவாமி சாப்பிடுவாரோ தெரியேல்லை. நாளைக்கு வான் வரும்தானே. நீங்கள் தள்ளிவிடுவியள்."

இன்னொரு முறையும் கேட்டேன். அதற்கு மேல் கேட்க அது என் வீடு இல்லை.

வண்டி பின்னேரம் திரும்பவில்லை. விமானம் பிந்தியது. வித்துவான் இறங்கும்போது காற்றுத் தொடங்கிவிட்டது. வெளியூருக்குப் போகவேண்டாம் என்று உபயகாரரின் வீட்டில் தங்கினார்கள்.

சனி விடியும்போது, பெருந்தெருவை மூடுமுன், நான் லவாலில் இருந்து என் காரில் போனேன். தெருவை நகராட்சி வண்டி தள்ளியிருந்தது. தள்ளிய பனி ஒழுங்கை வாயில் சுவராக நின்றது. அதற்குப் பின்னால் ஒழுங்கை என்று ஒன்று இல்லை. வயலும் ஒழுங்கையும் ஒரே மட்டம். கம்பும் இல்லை. எங்கே பாதை, எங்கே வாய்க்கால் என்று தெரியவில்லை. முற்றத்தில் வைத்த பிளேட்டும் எங்கேயோ உள்ளே கிடந்தது.

ஐயருக்குப் போன் எடுத்தேன்.

"அண்ணை, அவவுக்கு மூச்சு எடுக்கேலாமல் இருக்கு. படுக்கேலாது. இரவிரவாக் கதிரையிலைதான்."

"அவசரத்துக்கு அடிச்சியளோ?"

"அடிச்சன். அம்புலன்ஸ் தெரு வரைக்கும்தான் வருமாம். தீயணைப்புக்காரரைக் கேட்டு அனுப்புறமெண்டு சொன்னவை. எங்கும் விபத்தாம். சுணங்குமாம்."

தலைவருக்கு எடுத்தேன்.

"வண்டி வருது அண்ணை. பெருந்தெருவை மூடியிட்டாங்கள். திறந்த உடனை வரும். பாதை எப்பிடி? கிளியரோ?"

நான் போனை வைத்தேன்.

இந்த நேரத்தில்தான் நீங்கள் யோசிக்கவேண்டும், தம்பிமார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பனிக்குள் இறங்கவேண்டும் என்றுதான் கை பரபரக்கும். இறங்கினால் மத்தியானம் வரை அள்ளிக்கொண்டே இருப்பேன், அவர் உள்ளே இருப்பார். நான் திரும்பி, யாரை வரவேண்டாம் என்று சொன்னேனோ அந்த வாசலுக்குப் போனேன்.

அவர் கதவைத் திறந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். அந்த அம்மா, மூச்சு, அம்புலன்ஸ் தெருவில்தான் நிற்கும். ப்ளோவரைக் கொண்டுவர முடியுமா என்று கேட்டேன்.

"விற்றுவிட்டேன்," என்றார்.

நான் அவருடைய கொட்டில் பக்கம் பார்த்தேன்.

"உங்கள் ஒழுங்கைக்காகத்தான் வைத்திருந்தேன். என் முற்றத்துக்கு ட்ராக்டரின் முன்வாளி போதும்; உங்கள் ஒழுங்கைக்கு அதால் ஒரு நாள் எடுக்கும். கார்த்திகையில் விற்றேன்."

அவ்வளவுதான் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அவர் உள்ளே பார்த்து மனைவியிடம் ஏதோ சொன்னார். சப்பாத்தை மாட்டினார். கொட்டிலைத் திறந்தார். உள்ளே ஒரு ஸ்னோமொபைல். பனியில் சறுக்கி ஓடும் வண்டி. அதன் பின்னால் விறகு இழுக்கிற சறுக்குப் பலகை, நாலு பக்கமும் கம்பி அடித்தது. விறகைக் கீழே கொட்டினார். மனைவி இரண்டு கம்பளியும் கம்பளித் தொப்பி ஒன்றும் கொண்டுவந்து அதில் போட்டார். முன்வீட்டுக்காரர் என்னைப் பின்னால் ஏறச் சொன்னார். ஒழுங்கையை அவர் தேடவே இல்லை. வயலால் நேராக ஓடினார்.

அம்மாவை ஐயரும் முன்வீட்டுக்காரரும் கதிரையோடு தூக்கி வெளியே கொண்டுவந்தார்கள். முகம் சாம்பல் நிறம். பலகையில் படுக்கவைக்க முடியாது, படுத்தால் மூச்சு நிற்கும். இருத்தவேண்டும். இருத்தினால் பின்னால் ஒருவர் நின்று கட்டிப்பிடிக்கவேண்டும், இல்லாவிட்டால் முதல் குலுக்கலில் விழுந்துவிடுவார்.

"நான் பிடிக்கிறன் ஐயா," என்றேன்.

முன்வீட்டுக்காரர் என் தோளைப் பார்த்தார். வேண்டாம் என்று தலையை அசைத்தார். என் வலது தோள் போய் நெடுங்காலம். வேலையால் வந்தது. இருபது கிலோ உப்புப் பையை என்னால் தூக்க முடியாது என்று பார்த்தாலே தெரியும்.

ஐயர் மண்டபத்துப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். உள்ளே காலைப் பூசைக்கு விளக்கு ஏற்றியிருந்தது. பிறகு கையைத் தூக்கிக் கயிற்றைப் பல்லால் கடித்தார். முடிச்சு இறுக்கம். கொஞ்ச நேரம் எடுத்தது. கயிறு அறுந்ததும் அதை யன்னல் விளிம்பில் வைத்தார்.

"என்ன வேலை பாக்கிறியள்?" என்றார் அம்மா. அந்த மூச்சிலும் அதட்டினார்.

"கட்டினதும் நான்தான். அவிட்டதும் நான்தான். நீ கதையாதை."

அவர் பலகையில் ஏறி அம்மாவைப் பின்னால் இருந்து கட்டிப்பிடித்தார். நான் கம்பளியைச் சுற்றிக் கட்டினேன். முன்வீட்டுக்காரரின் மனைவி தந்த தொப்பியை அம்மாவின் தலையில் இழுத்துவிட்டேன். வண்டி மெல்ல நகர்ந்தது. அம்மா என்னைப் பார்த்துச் சொன்னார்.

"பாத்தியளோ அண்ணை. சுவாமிக்கு முதல் எனக்குத் தேர்."

நான் அவர்கள் போன தடத்தில் நடந்து வந்தேன். நான் தெருவுக்கு வந்து சேரும்போது அம்புலன்ஸ் கதவு மூடிவிட்டது. ஐயரும் உள்ளே. வேட்டிக்கு மேல் முன்வீட்டுக்காரரின் கோட் போட்டிருந்தார். அது போனபின் நாங்கள் இரண்டு பேரும் தெருவில் நின்றோம். என் போன் மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்துப் பார்த்தேன். சபையின் வாட்சப்பில் ஒரு படம். வித்துவானுக்கு உபயகாரர் வீட்டில் காலைச் சாப்பாடு, இடியப்பமும் சொதியும். பின்னால் யன்னலுக்கு வெளியே பிக்கப் நின்றது. கதவில் இருந்த பெயரைப் பனி மூடியிருந்தது. கீழே கும்பிடும் கைகள் வரிசையாக.

முன்வீட்டுக்காரர் என்ன என்று பார்த்தார். காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நல்ல வண்டி," என்றார். பிறகு விறகை அடுக்கப் போய்விட்டார்.

அம்மா பிழைத்தார். அதைச் சொல்லிவிட வேண்டும். சில நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள்.

வண்டி சனி பின்னேரம் வந்தது. வித்துவான் வந்தார். ஐயர் இல்லை. டொரொன்டோவில் இருந்து வேறு ஐயரைக் கூப்பிட்டுப் பிராயச்சித்தம் செய்து திருவிழாவை நடத்தினார்கள். உபயகாரருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நான் பின்வரிசையில் நின்றேன். அவர் பொன்னாடையோடு என்னிடம் வந்தார்.

"அண்ணை, வண்டி வரேல்லை வண்டி வரேல்லை எண்டு சனம் கதைக்குது. அதிலை என்ர அம்மாட பேர் எல்லோ இருக்கு."

"ஓம்," என்றேன்.

"நான் குடுக்கேக்கை இப்பிடி எண்டு நினைக்கேல்லை."

"ஓம். உங்களுக்குத் தெரியாது."

அவர் அழுதார்.

அடுத்த கிழமை சபை கூடியது. பனியைப் பற்றித்தான் கூடுகிறார்கள் என்று நினைத்துப் போனேன். பேசியது காப்பைப் பற்றி.

"ஐயர் செய்தது பிழைதானே?" என்றார் தலைவர். "அண்ணை, நீங்கள் அங்கை நிண்டனியள். சொல்லுங்கோ. வேற வழி இல்லையோ?"

"இருந்தது."

"பாத்தியளோ!" என்று மற்றவர்களைப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை இருந்தது," என்றேன். "டாக்சி."

ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவரும் கோபிக்கவும் இல்லை. அடுத்த விஷயத்துக்குப் போனார்கள். ஐயர் இனிப் பெரிய பூசைகள் செய்யவேண்டாம், நாள் பூசை மட்டும் செய்யலாம் என்று முடிவெடுத்தார்கள். அதை அவரிடம் சொல்லும்படி என்னைக் கேட்டார்கள். நீங்கள்தானே அவரோடு பழக்கம் என்றார்கள்.

"ஒருக்கா சொன்னது போதும்," என்று சொல்லிவிட்டு எழும்பினேன். வண்டியின் திறப்புக் கொத்தைத் தலைவரின் முன்னால் வைத்தேன். அன்றோடு பனி வேலையை விட்டேன்.

ஐயரே சபையிடம் போய் வீட்டுத் திறப்பைக் கொடுத்துவிட்டார். இப்போது நகரத்தில், பார்க் எக்ஸ்டென்ஷனில் இரண்டாம் மாடியில் சின்ன வீடு. ஆஸ்பத்திரிக்குக் கிட்ட. பிறந்தநாள், திவசம் என்று கூப்பிட்டால் போகிறார். போன மாதம் போயிருந்தேன். அம்மா கோப்பி தந்தார். கம்பளித் தொப்பி கதவுக்குப் பின்னால் கொளுவியிருந்தது.

"திருப்பிக் குடுக்கவேணும் அண்ணை," என்றார். "ஆனா அந்த ஒழுங்கைப் பக்கம் நான் இனி வரமாட்டன். நீங்கள் கொண்டுபோய்க் குடுங்கோ."

கொண்டுபோனேன். அதற்கு முதல்நாள்தான் பனி கொட்டியிருந்தது. முன்வீட்டுக்காரரிடம் தொப்பியைக் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "எப்படி இருக்கிறா?" என்றார். "இருக்கிறா," என்றேன். இரண்டு பேரும் வாசலில் நின்று எதிரே பார்த்தோம்.

சபை இப்போது ட்ராக்டர் வாங்கியிருக்கிறது. வேறொரு உபயகாரர். புதியது, ப்ளோவர் பூட்டியது, ஓட்டுநர் கூண்டுக்குள் சூடு வருவது. பெயர் கூண்டின் கண்ணாடிக்கு மேல். நான் அன்றைக்குச் சொன்ன மெஷினின் பெரிய தம்பி. கம்பும் நட்டிருக்கிறார்கள், அளவாக, வரிசையாக. ஒழுங்கை தெருவில் இருந்து அந்த வீட்டு வாசல் வரை நேராக வெட்டியிருந்தது. கரை இல்லை. இரண்டு அம்புலன்ஸ் பக்கத்துப் பக்கத்தில் போகலாம். கோயிலை இப்போது ஞாயிறில் மட்டும்தான் திறக்கிறார்கள். வீட்டில் ஒருவரும் இல்லை. புகைபோக்கியில் புகை இல்லை. வெட்டிய பாதையில் ஒரு கால்தடம்கூட இல்லை.

என்ன மெஷின் வாங்கலாம் என்று கேட்டீர்கள். அது நல்ல மெஷின். அதையே வாங்குங்கள்.